போர்டு ரிப்பேர் பழக முதலில் எந்தக் கருவி வாங்குவது?

மேலூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், பகலில் வேறு வேலை. மாலை நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பிஎல்டிசி ஃபேன் போர்டு, இண்டக்‌ஷன் அடுப்பு, எல்இடி டிவியின் பவர் போர்டு என்று அக்கம்பக்கத்தில் பழுதாகிக் கிடப்பதைச் சரிபார்க்கப் பழக வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. அதில் ஒரு ஆஸிலோஸ்கோப் (மின் அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) வாங்கிவிடலாமா, எந்த மாடல் நல்லது என்பது கேள்வி.

இப்போதைக்கு ஸ்கோப் வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்லும் மூன்று பொருளிலும் என்னென்ன போகும் என்று பாருங்கள். கண்டென்சர் காய்ந்து போகும். மாஸ்ஃபெட், ஐஜிபிடி (கரண்டை வேகமாக விட்டு நிறுத்தும் பவர் ட்ரான்சிஸ்டர்கள்), பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்கும் பாகம்), டையோடு ஷார்ட் ஆகும். பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் ஓபன் ஆகும், அதாவது உள்ளே அறுந்துபோகும். சூடாகிச் சூடாகி ஆறியதில் ஈயம் விட்டுப்போகும். இவை எதையும் கண்டுபிடிக்க அலைவடிவம் பார்க்க வேண்டியதில்லை. வோல்ட், ஓம், டையோடு மோடு, கண்டென்சரின் நிலைமை, போர்டு இழுக்கும் கரண்ட், இவ்வளவுதான் தெரிய வேண்டும். ஸ்கோப்பில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு 300 ரூபாய் மீட்டரை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் நிறைய. அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதல் கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். நம்ம ஊர் டிவி மெக்கானிக்குகள் காலங்காலமாக வைத்திருக்கும் சீரிஸ் பல்ப் போர்டுதான் அது. ஒரு பலகையில் ஹோல்டர், சாக்கெட், சுவிட்ச். ஃபேஸ் ஒயர் பல்பின் வழியாகப் போய்த்தான் சாக்கெட்டுக்கு வரவேண்டும். பல்ப் பழைய இழை பல்பாக இருக்க வேண்டும், எல்இடி பல்ப் இதற்கு உதவாது. 100 வாட் பல்பைப் போட்டால், போர்டில் நேர் ஷார்ட் இருந்தாலும் 0.43 ஆம்பியருக்கு மேல் போகாது. புது மாஸ்ஃபெட் போட்ட கையோடு நேராக கரண்ட் கொடுத்து, பட்டென்று வெடித்து, கூடவே ஐசியையும் இழுத்துக்கொண்டு போவதை இந்தப் பலகை தடுத்துவிடும்.

பல்ப் எரியும் விதத்தைப் படிக்கப் பழகிவிட்டால் அதுவே ஒரு மீட்டர்தான். சுவிட்சைப் போட்டதும் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால், பெரிய கண்டென்சர் சார்ஜ் ஏறி, சப்ளை ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ப்ரைமரி பக்கம், அதாவது மெயின்ஸ் நேராக வரும் பக்கம், ஷார்ட். துளியும் எரியவில்லை என்றால் ஃபியூஸோ, உள்ளே வரும் பாதையில் வேறு ஏதோ ஓபன். விட்டுவிட்டு மினுக்கினால் சப்ளை கிளம்பிக் கிளம்பி நிற்கிறது, செகண்டரியில் (ட்ரான்ஸ்ஃபார்மர் தாண்டிய குறை வோல்ட் பக்கம்) ஷார்ட் இருக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் பல்பில் வைத்துக்கொண்டு பாத்திரம் வைத்துச் சூடேற்றிப் பார்க்காதீர்கள். அவ்வளவு பவரை பல்ப் விடாது. டிஸ்ப்ளே வருகிறதா, 18 வோல்ட்டும் 5 வோல்ட்டும் நிற்கின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து, 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்கு இன்சுலேட் ஆன ஒயர் பற்றவைத்து மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட், பிரிட்ஜ் தாண்டி கண்டென்சரில் ஏறும்போது 325 வோல்ட் டிசி. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். 100 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரை இந்த ரெசிஸ்டர் ஒன்றிரண்டு நொடியில் இறக்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டாம். இறக்கிய பிறகு மீட்டரை வைத்து உறுதி செய்துகொண்டு அப்புறம் கையை வையுங்கள்.

அடுத்தது மீட்டர். இங்கேதான் மனசு விட்டுச் செலவு செய்ய வேண்டும்.

எல்லோர் வீட்டிலும் கிடக்கும் அந்த மஞ்சள் நிற 830 வகை மீட்டர் பேட்டரி பார்க்கவும் ஒயர் பார்க்கவும் போதும். போர்டு வேலைக்கு அது போதாது. பெரிய காரணம் அதன் உள் ரெசிஸ்டன்ஸ் 1 மெகா ஓம் மட்டுமே, நல்ல டிஜிட்டல் மீட்டரில் 10 மெகா ஓம் இருக்கும் என்பது. இதில் என்ன வித்தியாசம்? 10 வோல்ட்டை இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் சமமாகப் பிரிக்கிறது என்று வையுங்கள். நடுவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். மஞ்சள் மீட்டரை வைத்தால் அதுவே இன்னொரு 1 மெகா ஓமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து 3.3 வோல்ட் என்று காட்டும். 10 மெகா ஓம் மீட்டர் 4.76 காட்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் மெயின்ஸ் வோல்ட்டேஜையும் காயிலின் அலையையும் கவனிக்க 330 கிலோ ஓம், 470 கிலோ ஓம் என்று பெரிய ரெசிஸ்டர்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் மஞ்சள் மீட்டரை நம்பினால் நல்ல போர்டைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

அந்த ரெசிஸ்டர்களைப் பற்றி இன்னொரு விஷயம். 325 வோல்ட்டைத் தாங்கித் தாங்கி அவை நாளடைவில் மதிப்பு ஏறிப்போகும் அல்லது ஓபன் ஆகும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், கருகலே இருக்காது. அடுப்பு பாத்திரமே இல்லை என்று சொல்லும், இல்லையென்றால் வோல்ட்டேஜ் எரர் காட்டும். இவற்றைக் கழற்றாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. போர்டில் இருக்கும் ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் வேறு பாதைகள் இருந்தால் ரீடிங் குறையத்தான் செய்யும், ஏறாது. ஆகவே கண்டென்சர்களை முழுக்க இறக்கிவிட்டு அளக்கும்போது, எழுதியிருக்கும் மதிப்பைவிட ரீடிங் அதிகமாக வந்து நின்றால் அந்த ரெசிஸ்டர் போய்விட்டது. தயங்காமல் மாற்றுங்கள். குறைவாக வந்தால் மட்டும் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மீட்டரில் அடுத்துப் பார்க்க வேண்டியது பாதுகாப்பு. கேட் 3 (CAT III என்று எழுதியிருக்கும் பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று இருப்பதை வாங்குங்கள். வீட்டு சாக்கெட்டில் ஓடும் பொருளுக்குக் கேட் 2 போதும் என்பது விதி. ஆனால் ஒரு படி மேலே இருப்பது நல்லது, ஏனென்றால் சில மலிவு மீட்டர்களில் அந்த எழுத்து வெறும் அச்சாக மட்டும் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கரண்ட் அளக்கும் துளைக்குப் பின்னால் மணல் அடைத்த செராமிக் ஃபியூஸ் இருந்தால் தயாரித்தவர் அக்கறையோடு செய்திருக்கிறார். சின்னக் கண்ணாடி ஃபியூஸ் மட்டும் இருந்தால் யோசியுங்கள். மஞ்சள் மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை என்று அவர்களே அச்சடித்திருப்பார்கள். சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் இருப்பதை மறந்து 325 வோல்ட்டில் வைத்தால் அது நேர் ஷார்ட். அந்த நேரத்தில் கையில் இருக்கும் மீட்டர் வெடிக்காமல் ஃபியூஸ் மட்டும் போக வேண்டும். உயிர் விஷயம் இது, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ட்ரூ ஆர்எம்எஸ், அதாவது அலை எந்த வடிவில் இருந்தாலும் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டும் வசதி, தேவையா என்று கேட்பார்கள். சுத்தமான கரண்ட் வரும் சாக்கெட்டில் தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கும் ஊர் நம்முடையது, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இன்னும் நிறைய ஓடுகிறது. அதன் 230 வோல்ட் சதுர அலையைச் சாதாரண மீட்டர் 255 என்று காட்டும். இன்வெர்ட்டர், யூபிஎஸ் போர்டு பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ட்ரூ ஆர்எம்எஸ் வாங்குங்கள்.

பீப் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல மீட்டர்கள் 30, 50 ஓமுக்குக் கீழே எது வந்தாலும் பீப் அடிக்கும். டிவி மெயின் போர்டில் ப்ராசஸருக்குப் போகும் லைன் இயல்பாகவே சில ஓம்தான் காட்டும். பீப் கேட்டதும் ஷார்ட் என்று ஐசியைக் கழற்றக் கூடாது. எண்ணைப் பாருங்கள். 0.3 ஓமும் 8 ஓமும் ஒன்றில்லை. ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸே 0.2, 0.3 ஓம் வரும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டரோடு வரும் தடித்த முனைகளை ஓரமாக வைத்துவிட்டு, ஊசி முனையும் சிலிக்கான் ஒயரும் உள்ள ப்ரோப் ஒரு ஜோடி வாங்குங்கள். சின்ன ஐசியின் கால்களில் முனை வழுக்கி இரண்டு காலைச் சேர்த்துவிட்டால் நல்ல போர்டும் அந்த நொடியிலேயே போய்விடும்.

மூன்றாவது கண்டென்சர் சோதனை. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காய்கிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே, சீலிங்கை ஒட்டி ஃபேனின் கிண்ணத்துக்குள் இருக்கும் போர்டுக்கு என்ன ஆகும்? மேலே வீங்கியது கண்ணுக்குத் தெரியும். வீங்காமலே கெட்டதுதான் தொல்லை. மைக்ரோ ஃபாரட் அளந்தால் சரியாக இருக்கும், ஆனால் உள்ளுக்குள் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும். அதைத்தான் இஎஸ்ஆர் என்கிறோம். 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் நல்ல கண்டென்சரில் அது ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும். ஒரு ஓமைத் தாண்டினால் அந்த இடத்துக்கு அது ஆகாது. சின்ன மதிப்பு கண்டென்சரில் இரண்டு மூன்று ஓம் இருப்பது சகஜம், அதனால் அதே மதிப்பில் புதுசு ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் ஒரு பழுது: டிவி ஓடிக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடுகிறது, கரண்ட் போய் வந்தால் கிளம்ப மாட்டேன் என்கிறது, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் கிளம்பிவிடுகிறது. பவர் ஐசிக்குப் பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் என்று சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கண்டென்சர் நிற்கும். ஐசியின் சப்ளையைத் தாங்கும் கண்டென்சர் அது. பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. சில ரூபாய் சாமான். இதை ஸ்கோப் இல்லாமல் இஎஸ்ஆர் மீட்டர் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குத் தனி இஎஸ்ஆர் மீட்டர் இருந்தால் நல்லது. ஆரம்பத்துக்கு, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் காம்போனென்ட் டெஸ்டர் போதும். ஜெர்மனியில் மார்க்குஸ் ஃப்ரேயெக் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் வளர்த்து, எல்லோரும் செய்துகொள்ளலாம் என்று திறந்து விட்ட வடிவமைப்பு அது. ஏட்மெகா 328 சிப் ஒன்றை வைத்து ட்ரான்சிஸ்டர், டையோடு, கண்டென்சர் எல்லாவற்றையும் கால் முதற்கொண்டு அடையாளம் சொல்லிவிடும். அதில் இரண்டு எச்சரிக்கை. சார்ஜ் உள்ள கண்டென்சரைச் சொருகினால் டெஸ்டர் அந்த நொடியே செத்துவிடும். அப்புறம், அது 5 வோல்ட்டில் ஓடுகிறது, ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பின் ஐஜிபிடி திறக்கவே 5, 6 வோல்ட் வேண்டும். எனவே நல்ல ஐஜிபிடியையும் வெறும் டையோடு என்று காட்டக்கூடும். கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மீட்டரின் டையோடு மோடில் ஐஜிபிடியின் கலெக்டர், எமிட்டர் கால்களுக்கு இடையே ஒரு பக்கம் 0.4, 0.5 என்று காட்டி மறுபக்கம் ஓபன் என்றால் அது ஷார்ட் ஆகவில்லை. இரண்டு பக்கமும் சைபர் என்றால்தான் போனது.

நான்காவதாக, 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை. கரண்டுக்கு எல்லை வைக்கும் குமிழ் இருக்க வேண்டும், அதுதான் இதன் உயிர். டிவி மெயின் போர்டுக்குத் தனியாக 12 வோல்ட் கொடுத்து, கரண்டை அரை ஆம்பியரில் கட்டிவைத்து, என்ன இழுக்கிறது என்று பார்க்கலாம். பவர் போர்டில் பழுதா, மெயின் போர்டில் பழுதா என்ற சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஷார்ட் எங்கே என்று தேடவும் இதைவிட நல்ல கருவி இல்லை. 3.3 வோல்ட் லைன் போர்டின் தரையோடு (கிரவுண்ட்) ஷார்ட் என்று வையுங்கள். அந்த லைனில் முப்பது சின்னக் கண்டென்சர்கள் இருக்கும், எல்லாமே ஒன்றோடொன்று பக்கவாட்டில். எதைக் கழற்றுவது? சப்ளையை 1 வோல்ட், 1 ஆம்பியரில் வைத்து அந்த லைனுக்குக் கொடுங்கள். மீட்டரை 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையை சப்ளையின் நெகட்டிவ் சேரும் இடத்தில் ஊன்றிவிட்டு, சிவப்பு முனையை லைன் நெடுக நகர்த்துங்கள். ஷார்ட்டை நெருங்க நெருங்க மில்லி வோல்ட் குறையும். 28, 21, 15 என்று இறங்கிவந்து, ஓரிடத்தைத் தாண்டியதும் மேலும் குறையாமல் அப்படியே நிற்கும், ஏனென்றால் அதற்கு அப்பால் கரண்ட் ஓடவில்லை. எங்கே மிகக் குறைவோ அங்கேதான் ஷார்ட். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினால் சூடாகும் இடம் முதலில் காய்வதும் தெரியும். அந்த லைனின் வோல்ட்டேஜைத் தாண்டி மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். ஷார்ட் திடீரென விட்டுப்போனால் முழு வோல்ட்டும் ஐசிக்குப் போய்ச் சேரும்.

சரி, ஸ்கோப் எப்போது? மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் போர்டு ஓடாதபோது. க்ரிஸ்டல் துடிக்கிறதா, ஐஜிபிடியின் கேட் (gate) காலுக்கு பல்ஸ் வருகிறதா, 5 வோல்ட்டின் மேல் எவ்வளவு ரிப்பிள் (டிசியில் கலந்த ஏற்ற இறக்கம்) ஏறியிருக்கிறது, இந்தக் கேள்விகளுக்கு மீட்டரால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விகள் உங்களுக்கு வாரம் ஒரு தடவையாவது வர ஆரம்பித்த பிறகு வாங்குங்கள். அப்போது இரண்டு சானல், 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் உள்ள பெஞ்ச் ஸ்கோப்பாக வாங்குங்கள். உங்கள் மொத்தப் பட்ஜெட்டையும் அது ஒன்றே விழுங்கிவிடும் என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். 200 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் பார்க்கும் டிஎஸ்ஓ 138 கிட்டை வாங்கி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். பவர் ஐசிகள் 65 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடுகின்றன, அந்தச் சதுர அலையின் ஓரங்கள் எல்லாம் இதில் மழுங்கித்தான் தெரியும். பற்றவைத்துப் பழக அது நல்ல கிட், அவ்வளவே.

ஸ்கோப்பை நான் தள்ளிப்போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் எர்த். ஸ்கோப் ப்ரோபின் தரைக் கிளிப் மூன்றாவது பின் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் (இந்தப் போர்டுகளில் இருக்கும் ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) ப்ரைமரியின் தரையில் அந்தக் கிளிப்பை மாட்டினால் பிரிட்ஜ் வழியே மெயின்ஸ் நேராக எர்த்துக்குப் பாயும். பிரிட்ஜ், கிளிப், ஸ்கோப் எல்லாம் ஒரே நொடியில் போகும். இதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், ஸ்கோப்பின் உலோகப் பகுதி முழுக்க அப்போது மெயின்ஸோடு இருக்கும், நீங்கள் குமிழைத் திருகும் கையில் ஷாக் வாங்குவீர்கள். ரிப்பேருக்கு வந்த போர்டுக்கு 1:1 ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (வோல்ட்டை மாற்றாமல் மெயின்ஸோடு நேர் இணைப்பைப் பிரித்துவிடுவது) போடுவது சரியான வழி. வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிம்மர்ஸ்டாட்டும் வீட்டு ஸ்டெபிலைசரும் ஐசொலேஷன் கொடுக்காது, உள்ளே ஒரே சுற்றுதான். இன்னொன்று, இண்டக்‌ஷன் அடுப்பின் ஐஜிபிடி கலெக்டரில் சாதாரண ப்ரோபை வைக்கவே வைக்காதீர்கள். 1200 வோல்ட் ஐஜிபிடி அங்கே நிற்பதற்குக் காரணமே அவ்வளவு உயரத்துக்கு அலை எழும்புகிறது என்பதுதான்.

மேலூர் பக்கம் பழைய வீடாக இருந்தால் இன்றே மீட்டரை எடுத்து சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த்தே இல்லாத சாக்கெட்டில் ஸ்கோப், கம்ப்யூட்டர் எதைச் சொருகினாலும், அதன் உள்ளே இருக்கும் ஃபில்டர் கண்டென்சர் வழியாக உடல் பகுதியில் மெயின்ஸில் பாதி வோல்ட் நிற்கும். சிலீரென்று கடிப்பது அதுதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுவிட்டு அப்புறம் மேஜையைப் போடுங்கள். அந்தச் செலவு இந்த 15,000க்குள் வராது, ஆனால் அதற்கு முன்னால் வர வேண்டியது. ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஆர்சிசிபி உங்களைக் காக்காது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு கையால் வேலை செய்யும் பழக்கம் அங்கே கட்டாயம்.

மற்றவை சுருக்கமாக. 8 சானல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் (டிஜிட்டல் சிக்னல்களைக் கம்ப்யூட்டரில் காட்டும் கருவி) விலை குறைவு, அதற்கான பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம். டிவி மெயின் போர்டின் பூட் லாக் (கிளம்பும்போது அது வெளியிடும் செய்திகள்) பார்க்கும் அளவுக்கு வந்ததும் வாங்கலாம். எல்இடி டிவி நிறைய வரும் என்றால் பேக்லைட் டெஸ்டர் ஒன்று சீக்கிரமே தேவைப்படும், பேனலைப் பிரிக்காமலே திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி ஸ்ட்ரிப் எரிகிறதா என்று தெரிந்துவிடும். தெர்மல் கேமரா இப்போது வேண்டாம்.

ஆக, பங்கு பிரித்தால் மீட்டருக்கும் நல்ல ப்ரோபுக்கும் 4,000, பவர் சப்ளைக்கு 5,000, டெஸ்டருக்கு 1,000, பல்ப் போர்டு, ரெசிஸ்டர், ஆல்கஹால் எல்லாம் சேர்த்து 1,000. மீதி 4,000ஐ வெப்பம் கட்டுப்படுத்தும் சால்ட்ரிங் அயர்னுக்கும் மாற்றுக் கண்டென்சர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கருவியால் கண்டுபிடித்து, மோசமான அயர்னால் ட்ராக்கைப் பெயர்த்துவிட்டால் என்ன பயன்?

மீட்டரை முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள். ஒருநாள் மதுரைக்கு பஸ் ஏறி டவுன்ஹால் ரோடு பக்கம் வந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கையில் வாங்கிப் பார்க்கலாம். இரண்டு முனையையும் சேர்த்தால் பீப் தாமதமில்லாமல், கரகரப்பில்லாமல் வர வேண்டும். டையோடு மோடில் ஒரு வெள்ளை எல்இடியை மங்கலாகவாவது எரியவைத்தால் பேக்லைட் வேலைக்கும் கொஞ்சம் உதவும். பழைய பவர் சப்ளை கிடைத்தால், கரண்ட் குமிழைக் குறைத்து வைத்து, வெளியே வரும் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டு மெல்ல ஏற்றிப் பாருங்கள். கரண்ட் வழுக்காமல் கூடவே ஏற வேண்டும். வாங்கும்போதே அந்த மீட்டருக்கு உரிய செராமிக் ஃபியூஸ் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் கிடைக்கவில்லை என்று கண்ணாடி ஃபியூஸைப் போட்டு ஓட்டாதீர்கள், மீட்டருக்குக் கொடுத்த பணம் அத்தனையும் அந்த ஒரு ஃபியூஸுக்காகத்தான் கொடுத்தது.